அமெரிக்க அரசு எதிர் ஒரு பழுப்புக் கோவேறு கழுதை

வழக்கின் முழுப்பெயர் இது: 'அமெரிக்க அரசு எதிர் ஒரு பழுப்புக் கோவேறு கழுதை, அதன் லாடங்கள், கடிவாளம் மற்றும் வயிற்றில் இருக்கக்கூடியவை அனைத்தும்'. சிரிக்க வேண்டாம். கூட்டாட்சி நீதிமன்றத்தில் யாரும் சிரிப்பதில்லை, சிரித்தால் காவலுக்கு நிற்கிற மார்ஷல் வந்து தோளைத் தொடுவார். அரசாங்கத்துக்கு ஒரு பொருளைப் பறித்து வைத்துக்கொள்ள ஆசை வந்தால், அங்கே அந்தப் பொருளின் மீதே வழக்குப் போடுவதுதான் முறை. படகின் மீது போடுவார்கள், காரின் மீது போடுவார்கள், கழுதை கிடைத்தால் கழுதையின் மீதும் போடுவார்கள். அந்தப் பொருள் யாருடையது என்பது பிற்பாடு, அவனாகவே வந்து, கெஞ்சி நிரூபிக்க வேண்டிய சங்கதி.

இந்தக் கழுதை ஆர்லிஸ் ஃபுகேட்டுடையது. கென்டக்கி மலைச்சரிவில், டிராக்டர் ஏறினால் குப்புறக் கவிழ்கிற ஒரு நிலத்தில் சோளமும் பீன்ஸும் போட்டுப் பிழைக்கிற மனிதர் அவர். உழுவது, மரம் இழுப்பது எல்லாம் கழுதையின் தயவில்தான். அதற்கு டீக்கன் என்று பெயர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் காணிக்கைத் தட்டை ஏந்திக்கொண்டு வருகிற டீக்கனின் அதே நீண்ட, நம்பிக்கையில்லாத முகம் அதற்கு.

டீக்கனுக்கு வயதாகிவிட்டது, கடைவாய்ப் பற்கள் கொட்டிப்போயின. காய்ந்த புல்லை அப்படியே போட்டால் மெல்ல முடியாமல் விழுங்கித் தொலைக்கும், தொண்டையில் அடைத்துக்கொள்ளும். ஒருமுறை அப்படி அடைத்து, கண் செருகி, மூக்கில் நுரை தள்ளி, ஆர்லிஸ் அதன் கழுத்தை நீவி நீவி மீட்டெடுத்தார். அன்றிலிருந்து புல்லைத் தொட்டியில் ஊறப்போட்டு, கூழாகப் பிசைந்துதான் கொடுப்பார். அதற்குச் செலவு ஒன்றுமில்லை. ஒரு வாளி தண்ணீர், கொஞ்சம் பொறுமை.

அந்த வசந்தத்தில் அடித்த புயலில் வேலி சாய்ந்தது. டீக்கன் பக்கத்திலிருந்த அரசாங்கக் காட்டுக்குள் உலாத்தப் போய், ஒரு சரிவு நிறைய ஜின்செங் என்கிற விலையுயர்ந்த மூலிகைச் செடியை வேரோடு தின்றுவிட்டு, சாவகாசமாக வீடு திரும்பியது. காட்டிலிருந்து ஜின்செங் வேரை வெளியே கொண்டுபோவது குற்றம். கொண்டுபோகப் பயன்பட்ட வாகனத்தை அரசு பறிமுதல் செய்யலாம். சரக்கு கழுதையின் வயிற்றில் இருந்தது. வாகனமும் கழுதைதான்.

"நாலு காலு இருக்கு, பாரம் சுமக்குது, எல்லையத் தாண்டியிருக்கு. வாகனம்னா வேற என்னங்க?" என்றார் வந்த வன அதிகாரி. அவர் கோபப்படவே இல்லை. டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்.

ஆர்லிஸ் பின்னாலேயே ஓடினார். "ஐயா, அதுக்குப் பல்லு கிடையாது! காஞ்ச புல்லப் போட்டுடாதீங்க, ஊறவெச்சுக் குடுங்க!"

"அதெல்லாம் கோர்ட்டுல சொல்லுங்க," என்றார் அதிகாரி ஜன்னல் வழியாக.

ஆர்லிஸ் அதை நம்பிவிட்டார். பாவம், அவர் அதற்கு முன்னால் கோர்ட்டுக்குப் போனதே இல்லை.

*

ஹார்வெல் நகரத்தில் இருக்கிறது அந்த நீதிமன்றம். வெள்ளைத் தூண்கள், பித்தளைக் கழுகு, மழை பெய்தால் வழுக்கி விழுவதற்கென்றே போட்ட பளிங்குப் படிகள். வாசலில் இரண்டு மார்ஷல்கள் ஆர்லிஸின் பேனாக்கத்தியையும் லாடம் சுரண்டும் கொக்கியையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். உள்ளே கண்ணாடிக்குப் பின்னால் எழுத்தர் வெர்லீன் ஸ்டாம்பர் உட்கார்ந்திருந்தாள். மலைக்காரிதான், ஆர்லிஸ் போகிற அதே சர்ச்.

"வெர்லீன், நான் என் கழுதையப் பாக்கணும்மா."

"வழக்குல நீங்க யாரு?"

"கழுதைக்குச் சொந்தக்காரன்."

"அப்படி யாரும் வழக்குல இல்லையே. ரெண்டே பேருதான். ஒண்ணு அமெரிக்க அரசு, இன்னொண்ணு கழுதை."

"நேத்து என் பெஞ்சுல உக்காந்துதானே பாட்டுப் பாடின? நான் யாருன்னு உனக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும்ணே. கோர்ட்டுக்குத் தெரியாது," என்றாள் வெர்லீன். குரலைத் தாழ்த்திக்கொண்டு, கண்ணாடியின் மேல் ஒட்டியிருந்த அட்டையைக் காட்டினாள். எழுத்தர்கள் சட்ட ஆலோசனை கூறக்கூடாது என்று அதில் இருந்தது. "என்ன பண்ணணும்னு நான் சொல்லக்கூடாது. வேலை போயிடும். ஆனா எந்த வார்த்தைக்கும் அர்த்தம் கேட்டா சொல்லலாம்." அவள் ஒரு கையேட்டை நீட்டினாள். 'கூட்டாட்சி நீதிமன்றங்களைப் புரிந்துகொள்ள உதவும் முக்கியச் சொற்கள்' என்று அட்டையில் போட்டிருந்தது. அட்டைப்படத்தில் ஒரு குடும்பம் நீதிமன்றப் படிகளில் சிரித்துக்கொண்டு நின்றது.

"சரி, புல்ல ஊறவெச்சுக் குடுக்கச் சொல்லி யாருகிட்டக் கேக்கணும்?"

"அது ஆலோசனைண்ணே."

"ஊறவைக்கறதுன்னா என்ன அர்த்தம்னு கேட்டா?"

வெர்லீன் நிஜமாகவே புரட்டிப் பார்த்தாள். "இதுல இல்லையே," என்றாள் வருத்தத்தோடு.

இதற்கிடையில் முறைப்படி எதிர்வாதிக்கு அறிவிப்பு கொடுக்க வேண்டியிருந்தது. பொருளின் மீது வழக்கு என்றால் அறிவிப்பைப் பொருளின் மீதே ஒட்டுவதுதான் வழக்கம். மார்ஷல் ஒருவர் போய் டீக்கனின் விலாவில் தாளை ஒட்டினார். டீக்கன் கழுத்தைத் திருப்பி, முகர்ந்து பார்த்து, தாளைத் தின்றுவிட்டது. 'அறிவிப்பு எதிர்வாதியைச் சென்றடைந்தது; எதிர்வாதி அதன் உள்ளடக்கத்தை முழுமையாக ஏற்றுக்கொண்டார்' என்று மார்ஷல் கையெழுத்திட்டுக் கொடுத்தார். நீதிமன்றம் அதைப் பதிவு செய்துகொண்டது.

*

நீதிபதி தோர்ன்டன் வெல்டிரேக் ஆயுள் முழுக்கப் பதவியில் இருப்பவர். நன்னடத்தை உள்ளவரை அவரை யாரும் அசைக்க முடியாது என்று அரசியல் சட்டமே சொல்கிறது. அவர் நன்னடத்தை தவற வாய்ப்பே இல்லை, ஏனென்றால் அவர் எதுவுமே செய்வதில்லை. அவர் உள்ளே வரும்போது எல்லோரும் எழுந்து நின்றார்கள். அவர் உட்கார்ந்த பிறகும் ஆர்லிஸ் நின்றுகொண்டிருந்தார், உட்காரச் சொல்வார்கள் என்று காத்திருந்து.

"நிற்பவர் யார்?" என்றார் நீதிபதி.

"ஆர்லிஸ் ஃபுகேட், ஜட்ஜையா. கழுதை என்னோடதுங்க. அதுக்குப் பல்லு இல்ல, புல்ல ஊறவெச்சு…"

"இருங்கள், இருங்கள்." நீதிபதி கையை உயர்த்தினார். "மிஸ்டர் ஃபுகேட், நீங்கள் பேசலாமா என்பதை முதலில் தீர்மானிக்காமல், நீங்கள் பேசுவதை நான் கேட்டால், கேட்கக்கூடாததைக் கேட்டவனாகிவிடுவேன். உங்களுக்கு வழக்காடும் தகுதி இருக்கிறதா?"

"எனக்குக் கழுதை இருக்குதுங்க."

"உங்களுக்கு நேர்ந்த பாதிப்பு என்ன?"

"கழுதையப் புடிச்சிட்டுப் போயிட்டாங்களே, ஐயா!"

"பிடித்துக்கொண்டு போனது கழுதையை. உங்களை அல்ல. பிறர் துன்பத்தைத் தன் துன்பமாகக் கருதுவது நல்ல கிறிஸ்தவ குணம். ஆனால் அது இந்த மன்றத்தில் தகுதி ஆகாது."

அரசு வழக்கறிஞர் பிரான்ட்லி ஹோக் எழுந்தார். இளைஞர், சலவை மடிப்புக் கலையாத சட்டை. "அவரு சொந்தக்காரருங்கறதுக்கே ஆதாரம் இல்லைங்க, கனம் நீதிபதி அவர்களே."

"பேரு சொல்லிக் கூப்பிட்டா வரும்," என்றார் ஆர்லிஸ். "நான் கூப்பிட்டா மட்டுந்தான் வரும்."

"என் உதவியாளரும் நான் கூப்பிட்டா வராரு," என்றார் ஹோக். "அதுக்காக அவரு எனக்குச் சொந்தம்னு நான் சொல்லிட முடியுமா?"

நீதிபதி இதை மிகவும் ரசித்தார். திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டு, எழுதிக்கொண்டார். பிறகு நாற்காலியில் சாய்ந்து, கூரையிலிருந்த பித்தளைக் கழுகைப் பார்த்துப் பேசினார்.

"மிஸ்டர் ஃபுகேட், மக்கள் இங்கே நியாயம் கேட்டு வருகிறார்கள். அது ஒரு பரவலான தவறு. இது வரம்புக்குட்பட்ட அதிகாரம் கொண்ட மன்றம். எங்கள் பெருமையே எங்கள் வரம்புதான். சாதாரண மனிதன் ஒன்றைப் பார்த்து, இது சரியா தப்பா என்று கேட்கிறான். நாங்கள் அவ்வளவு அவசரப்படுவதில்லை. இதை எங்களிடம் கேட்கலாமா, கேட்பவர் இவர்தானா, கேட்கும் நேரம் இதுதானா என்று கேட்கிறோம். என் முப்பது வருடப் பணியில், இந்த மூன்று கேள்விகளையும் தாண்டி உள்ளே வந்த வழக்குகள் மிகக் குறைவு என்பதை அடக்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன்."

"கையெடுத்துக் கும்பிடுறேன், ஜட்ஜையா. புல்ல மட்டும் ஊறவெச்சு…"

"பதிவிலிருந்து நீக்குங்கள்," என்றார் நீதிபதி. தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண் விரலை நிறுத்தினாள். புல்லும் தண்ணீரும் பதிவிலிருந்து போயின. ஆர்லிஸுக்குப் பேசத் தகுதி உண்டா என்பதைப் பற்றி மட்டும் பேச, அவருக்கு இன்னொரு தேதி கொடுத்தார்கள்.

*

கோடை வந்தது. சரிவு உழாமல் கிடந்து புல் முளைத்தது. சோளம் போடவில்லை. ஆர்லிஸ் மண்வெட்டியால் பீன்ஸுக்கு மட்டும் கொத்தினார், முதுகு போய்விட்டது.

"நீ ஒரு மண்ணாங்கட்டி, ஆர்லிஸ்," என்றாள் மனைவி ஓலீட்டா. அவளுக்கு எப்போதும் உள்ளதை உள்ளபடி சொல்லித்தான் பழக்கம். "அந்த ஜட்ஜுக்கு முன்னால போயி கும்பிடுற. உன் கழுதை மாதிரிப் பத்து கழுதைய உக்காரவெச்சு, அதுக்குக் கருப்பு அங்கி மாட்டினா இதே லட்சணத்துல தீர்ப்பு வரும். கழுதையாவது புல்லு எங்கேன்னு கேக்கும்."

"வாய வெச்சுக்கிட்டு சும்மா இரு."

"நான் ஏன் சும்மா இருக்கணும்? போயி அத அடைச்சு வெச்சிருக்கற வேலிய ஒடச்சு ஓட்டிட்டு வா!"

வேலியை உடைக்கவில்லை. ஆனால் ஆர்லிஸ் போனார். டீக்கனை அரசு குத்தகைக்காரர் ஒருவரின் கொட்டடியில் அடைத்திருந்தார்கள், மாநில எல்லைக்கு அந்தப் பக்கம், டென்னசியில். வாசலில் கெம்ப் என்கிற காவலாள் இருந்தான். கம்பிக்கு அப்பால், வெகு தூரத்தில், டீக்கன் நின்றுகொண்டிருந்தது. முதுகெலும்பு தெரிந்தது. காலடியில் காய்ந்த புல் கட்டுப் பிரிக்காமல் கிடந்தது. ஆர்லிஸின் குரல் கேட்டதும் காது இரண்டையும் நிமிர்த்தி, அந்த மலைக்கே கேட்கும்படி ஓலமிட்டது. ஆர்லிஸ் தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டார்.

"தம்பி, அந்தப் புல்ல கொஞ்சம் தண்ணில போட்டுடுப்பா. நான் கெஞ்சிக் கேக்கறேன்."

"எனக்கு ஒண்ணுமில்லைங்க பெருசு, தண்ணிதானே," என்றான் கெம்ப். அவன் பக்கத்திலேயே குழாய் இருந்தது, குழாயடியில் நிறைந்து வழிந்துகொண்டு ஒரு வாளி இருந்தது. "ஆனா அது வழக்குச் சொத்து. கோர்ட்டு ஆர்டர் இல்லாம நான் அது சாப்பாட்டுல கை வெச்சா, ஆதாரத்தக் கலைச்சுட்டேன்னு என்னைத் தூக்கி உள்ள போடுவாங்க. ஆர்டர் கொண்டாங்க, கூழாவே கரைச்சுக் குடுக்கறேன்."

ஆர்லிஸ் அந்த வாளியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வண்டியைத் திருப்பி நேராக ஹார்வெலுக்குப் போனார்.

அங்கே ஒரு நல்ல செய்தி இருந்தது. எதிர்வாதி தன் சார்பில் பேசாமல் மௌனம் சாதிப்பதை நீதிமன்றம் கவனித்து, கழுதைக்கு ஒரு வழக்கறிஞரை நியமித்திருந்தது. லைசாண்டர் ப்ரூயிட் என்று பெயர். பட்டுக் கழுத்துப்பட்டை, குரலில் வெண்ணெய். ஆர்லிஸ் அவரை நடைகூடத்தில் பிடித்தார்.

"ஐயா, டீக்கன் எப்படி இருக்குது? புல்லு இறங்குதா?"

"மன்னிக்கணும். அதைச் சொல்ல எனக்கு அனுமதி கிடையாது."

"என்னங்க?"

"வக்கீலுக்கும் கட்சிக்காரருக்கும் நடுவுல இருக்கற ரகசியம் அது. அவரு உடம்பு எப்படி இருக்குதுங்கறது அவரு என்னை நம்பிச் சொன்ன விஷயம்."

"கழுதை சொல்லுச்சா? என்னன்னு?"

"அதைத்தானே சொல்ல முடியாதுங்கறேன்."

"நீங்க அதைப் போயிப் பாத்தீங்களா?"

ப்ரூயிட் கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டார். "பாத்தேனா இல்லையாங்கறதும் ரகசியந்தான்."

"சரி, நான் சொல்லிடறேன், நீங்க கேட்டுக்கிடுங்க. புல்ல ஊறவைக்கணும்."

"ஐயையோ!" ப்ரூயிட் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "வழக்குல சம்பந்தப்படாத ஆளுகிட்ட என் கட்சிக்காரரப் பத்தி ஒரு வார்த்தை கேட்டேன்னா என் லைசென்சு போயிடும்!" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்து போய்விட்டார்.

*

ஆர்லிஸ் விடவில்லை. சர்ச்சில் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவரைப் பிடித்து, புல்லை ஊறவைக்க ஆணையிடக் கோரி ஒரு மனு எழுதவைத்தார். ஒரு பக்க மனு. பல் இல்லை, அடைத்துக்கொள்ளும், தண்ணீர் ஊற்றுங்கள். அதை விசாரிக்க முழுச் சபையும் கூடியது.

"எதிர்வாதியோட தொண்டையில இதுவரைக்கும் ஏதாவது அடைச்சிருக்கா?" என்று கேட்டார் ஹோக்.

"இன்னும் இல்லைன்னுதான் நினைக்கறேன்," என்றார் ஆர்லிஸ். "அடைக்கக்கூடாதுன்னுதான் வந்திருக்கேன்."

ஹோக் வெற்றிப் புன்னகையோடு உட்கார்ந்தார். அதற்கு மேல் அவர் பேசத் தேவை இருக்கவில்லை.

"மிஸ்டர் ஃபுகேட்," என்றார் நீதிபதி வெல்டிரேக், கனிவோடு, "வழக்கு இன்னும் பழுக்கவில்லை."

"என்னங்கய்யா?"

"வரக்கூடும் என்று நீங்கள் அஞ்சும் துன்பத்துக்கு நான் தீர்ப்பு வழங்க முடியாது. வந்த துன்பத்துக்கே வழங்க முடியும். காயைப் பறித்துத் தின்னலாமா? கழுதைக்கு அடைக்கட்டும். அடைத்த பிறகு நீங்கள் தாராளமாக வரலாம். இந்த மன்றத்தின் கதவுகள் அப்போது உங்களுக்காகத் திறந்தே இருக்கும், உங்களுக்குத் தகுதி இருப்பதாக நாங்கள் கண்டால்."

"அடைச்சா செத்துப்போகும், ஜட்ஜையா! அப்புறம் நான் எதுக்கு வரணும்?"

"அது அப்போது எழும் கேள்வி. அப்போது எழும் கேள்விக்கு இப்போது பதில் சொல்வது, அதிகார வரம்பை மீறுவது." நீதிபதிக்குத் திடீரென்று வேறொன்று உறைத்தது. முகம் வெளுத்தது. "கழுதை இப்போது எங்கே இருக்கிறது?"

"டென்னசியில," என்றார் ஹோக்.

"பொருள் மீதான வழக்கில் பொருள் என் எல்லைக்குள் இருக்க வேண்டுமே! என்னிடம் இல்லாத கழுதையின் மீது எனக்கு அதிகாரம் உண்டா?"

அன்றைய மிச்சப் பொழுது முழுக்கக் கற்றவர்கள் மூவரும் அதைப் பற்றியே பேசினார்கள். கழுதை தன் விருப்பப்படி எல்லை தாண்டியதா, தாண்டவைக்கப்பட்டதா? தலை கென்டக்கியைப் பார்த்து நின்றால் எப்படி? ப்ரூயிட் ஆங்கிலேயப் பிரபுக்களின் கப்பல்களை மேற்கோள் காட்டினார். ஹோக் அதற்குப் பதிலாக ஒரு மீன்பிடிப் படகைக் காட்டினார். மூவருமே மிகவும் உற்சாகமாக இருந்தார்கள். புல்லைப் பற்றிய மனு 'ஆழ்ந்த பரிசீலனைக்கு' நீதிபதியின் அறைக்குள் போனது. அந்த அறைக்குள் என்ன நடக்கிறது என்று யாரும் கேட்கக்கூடாது. ஆர்லிஸ் நடைகூடத்தில் உட்கார்ந்து, கையிலிருந்த கையேட்டை இரண்டாகக் கிழித்தார். வெர்லீன் வேறொன்று கொண்டுவந்து கொடுத்தாள்.

*

இலையுதிர்ந்து, முதல் பனி விழுந்திருந்தது. வழக்கம்போல ஆர்லிஸ் கண்ணாடி முன்னால் வந்து நின்றார்.

"ஏதாச்சும் வந்திருக்கா, வெர்லீன்?"

வெர்லீன் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "ஒரு உத்தரவு வந்திருக்குண்ணே. வழக்கத் தள்ளுபடி பண்ணிட்டாங்க."

"அப்படின்னா டீக்கன் வீட்டுக்கு வருதா?" அவர் குரல் உயர்ந்தது. "எதுக்காகத் தள்ளுபடி பண்ணாங்க?"

"வழக்கு பயனற்றுப்போச்சுன்னு போட்டிருக்காங்க."

"பயனற்றுப்போச்சுன்னா?"

"அண்ணே…"

"அர்த்தம் கேட்டாச் சொல்லலாம்னியே. சொல்லு."

வெர்லீன் கையேட்டைத் திறந்தாள். அந்தப் பக்கத்தைப் படிக்காமலே அவளுக்குத் தெரியும், ஆனாலும் படித்தாள். "'பயனற்றுப்போன வழக்கு: முன்பு உயிரோடிருந்த தகராறு இப்போது உயிரோடில்லாததால், நீதிமன்றம் தீர்ப்பளிக்க எதுவும் மிஞ்சாத நிலை.'"

ஆர்லிஸ் கண்ணாடியில் தன் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"அடைச்சுக்கிச்சா?" என்றார்.

"நான் அர்த்தம் மட்டுந்தான் சொல்லலாம்ணே," என்றாள் வெர்லீன். அவள் கண்ணிலிருந்து நீர் வழிந்து கையேட்டின் மேல் விழுந்தது. கீழே தள்ளுபடி உத்தரவில் இன்னொரு வரி இருந்தது. அரசின் உரிமைகளுக்குப் பாதகமின்றி வழக்கு தள்ளுபடி செய்யப்படுகிறது. அரசு விரும்பினால் அதே கழுதையின் மீது மறுபடியும் வழக்குத் தொடரலாம்.

உடலைத் திருப்பிக் கொடுத்தார்கள். வழக்கில்லாத சொத்தை வைத்துக்கொள்ள அவர்களுக்கு அதிகாரம் கிடையாது அல்லவா, சட்டத்தை மதிக்கிறவர்கள். ஆர்லிஸ் பக்கத்துப் பண்ணைக்காரரின் இயந்திரத்தைக் கொண்டுவந்து, சரிவின் அடியில் குழி தோண்டி டீக்கனைப் புதைத்தார். ஓலீட்டா அன்று யாரையும் திட்டவில்லை. அதுதான் ஆர்லிஸுக்குப் பயமாக இருந்தது.

*

புதைத்த மண் இறுகுவதற்குள் அரசாங்க வண்டி ஒன்று மேடேறி வந்தது. நீதிமன்ற வாசலில் நிற்கிற அதே இரண்டு மார்ஷல்கள். மூத்தவர் பெயர் ரண்டல். பின்னால் தார்ப்பாலின் விரித்து, அதில் பெரிய தொட்டி ஒன்றை ஏற்றியிருந்தார்கள். தொட்டி நிறைய ஊறின புல்.

"கோர்ட்டு உத்தரவு," என்றார் ரண்டல். அவர் கையில் தடிமனான ஒரு கட்டுத் தாள் இருந்தது. பழங்காலத்திலிருந்து கால்நடைத் தீவனத்தின் வரலாறு, புல்லுக்கும் அரசியல் சட்டத்துக்கும் உள்ள உறவு, அடிக்குறிப்புகள். கடைசிப் பக்கத்தில் ஒரே வரி. 'மனு ஏற்கப்படுகிறது. எதிர்வாதிக்கு ஊறவைத்த புல்லை உடனடியாக வழங்கி, அவர் உண்டதை மார்ஷல் நேரில் கண்டு உறுதிசெய்ய வேண்டும்.'

"நீதிபதி இதுல கையெழுத்துப் போட்டது தள்ளுபடிக்கு முன்னாடி," என்றார் இளைய மார்ஷல் சங்கடத்தோடு. "மேலேருந்து எங்க கைக்கு வர்றதுக்குக் கொஞ்சம் லேட்டாயிடுச்சு."

ஓலீட்டா வாசலுக்கு வந்துவிட்டாள். "அடப் பாவிங்களா! செத்த கழுதைக்குச் சோறு கொண்டாந்திருக்கீங்களாடா? வெக்கமா இல்ல? உங்க ஜட்ஜ வரச் சொல்லு, அந்தக் குழிக்குள்ள இறங்கி ஊட்டிவிடச் சொல்லு!"

"இரு, ஓலீட்டா," என்றார் ஆர்லிஸ். அவர் தொட்டியருகே போய், புல்லில் கையை விட்டுப் பிசைந்து பார்த்தார். கூழாக, மெத்தென்று, பல்லில்லாத வாய்க்கு இதமாக இருந்தது.

"நல்லாத்தான் ஊறவெச்சிருக்கீங்க," என்றார். "யாருக்கும் தெரியாதோன்னு நினைச்சேன்."

மார்ஷல்கள் இருவரும் தரையைப் பார்த்தார்கள். ரண்டல் தாளை நீட்டினார். "வாங்கிக்கிட்டேன்னு நீங்க ஒரு கையெழுத்துப் போட்டுட்டா, நாங்க கிளம்பிடுவோம்."

"நான் எப்படிப் போடறது? நான் வழக்குலயே இல்லையே. உங்க ஜட்ஜு சொன்னாரு."

"அப்ப…"

"எதிர்வாதி அங்க இருக்குது." ஆர்லிஸ் சரிவின் அடியைக் காட்டினார். "அதுக்குத்தானே குடுக்கச் சொல்லியிருக்கு? அது சாப்பிடறதப் பாத்துட்டுத்தானே நீங்க போகணும்?"

ரண்டல் உத்தரவை மறுபடி படித்தார். பிறகு போனை எடுத்து நீதிமன்றத்தைக் கூப்பிட்டார். மறுமுனையில் வெர்லீன். ஆர்லிஸுக்கும் அவள் குரல் கேட்டது, தெளிவாக, அரசாங்கக் குரலில்.

"உத்தரவு உத்தரவுதாங்க. ரத்துப் பண்ணாத வரைக்கும் செல்லும். ஆனா ரத்துப் பண்ண நீதிபதிக்கு அதிகாரம் இல்ல, வழக்கத்தான் தள்ளுபடி பண்ணிட்டாரே."

"அப்ப நாங்க என்னதான் பண்றது, வெர்லீன்?"

"அது ஆலோசனைங்க," என்றாள் வெர்லீன். "ஏதாவது வார்த்தைக்கு அர்த்தம் வேணும்னாக் கேளுங்க."

போன் வைக்கப்பட்டது. இரண்டு மார்ஷல்களும் தொட்டியைத் தூக்கிக்கொண்டு, சேற்றில் வழுக்கி வழுக்கி, குழிமேட்டுக்குப் போய் இறக்கி வைத்தார்கள். ஆர்லிஸ் இரண்டு மரநாற்காலிகளைக் கொண்டுபோய் அவர்களுக்குப் போட்டார். மரியாதைக்கு அவர் குறை வைக்கவில்லை. அவர்கள் உட்கார்ந்தார்கள். பனி தூற ஆரம்பித்தது.

வீட்டுக்குள் ஓலீட்டா பீன்ஸ் சூப்பும் சோள ரொட்டியும் எடுத்து வைத்தாள். ஆர்லிஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து, ரொட்டியைச் சூப்பில் ஊறவைத்து, நிதானமாகச் சாப்பிட்டார். கீழே இரண்டு தொப்பிகளின் மேல் பனி ஏறிக்கொண்டிருந்தது.

இருட்டத் தொடங்கியதும் ரண்டல் கையைக் குவித்து மேலே பார்த்துக் கத்தினார். "மிஸ்டர் ஃபுகேட்! இன்னும் எவ்வளவு நேரம் நாங்க இப்படி உக்காந்திருக்கறது?"

ஆர்லிஸ் எழுந்து ஜன்னலைத் திறந்தார்.

"அவசரப்படாதீங்க, ஐயா," என்றார். "இன்னும் பழுக்கல."

ஜன்னலை மூடிவிட்டு, இன்னொரு கரண்டி சூப் ஊற்றச் சொன்னார்.